சன்னலுக்கு வெளியே கட்டிய கேபிள்

ஐப்பசியில் ஒரு மாலை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலுக்குப் புறப்படும்போது மேற்கு மலையில் மேகம் கறுத்திருந்தது. மொட்டைமாடி ஆண்டெனாவிலிருந்து வரும் கேபிளை, தூரத்து ஊர்க்காரர்களோடு பேச நான் வைத்திருக்கும் ஹாம் ரேடியோவிலிருந்து கழற்றி, சன்னலுக்கு வெளியே எர்த் கம்பியோடு கட்டினேன். மின்னல் இறங்கினால் மண்ணுக்குப் போகட்டும், வீட்டுக்குள் வரக்கூடாது. பணி ஓய்வுக்குப் பின் என் காலைப்பொழுதுகளுக்கு அந்த ரேடியோதான் துணை.

இராஜபாளையம் திரும்பியபோது வீடெங்கும் கருகிய நாற்றம். மின்னல் இறங்கி ரேடியோ கரிந்து கிடந்தது. காவலுக்கு இருந்த மைத்துனர் முகம் வாடாமல் சொன்னார்.

“வயரு மழையில நனைஞ்சிட்டுக் கெடந்துச்சு அத்தான். துருப்பிடிச்சிரும்லா? நாந்தான் அவுத்து ரேடியோவுல மாட்டிவிட்டேன்.”

“தொடாதேயும்னு சொல்லிட்டுத்தானே போனேன்!”

“சொன்னிய. மழையில நனையும்னு சொல்லலையே? விடுங்க, வீட்டுக்கு ஒண்ணும் ஆகல. எல்லாம் ஆண்டாள் பார்த்துக்கிடுவா.”

அந்தச் சொல்தான் என்னைக் கொதிக்க வைத்தது. விடியல்தோறும் பாசுரம் ஓதுகிற நான், ஒருநாளும் என் கவனக்குறைவுக்குத் தாயாரைக் காவல் வைத்ததில்லை. அவள் பார்த்துக்கொள்ளத்தான் செய்தாள். மேகத்தை முன்னமே காட்டினாள்; கேபிளைக் கழற்றும் அறிவையும் தந்தாள். அவள் காத்துக் கொடுத்ததை இந்த மனிதர் திருகி மாட்டிக் கெடுத்துவிட்டு, பழியையும் பக்தியாக்கி அவள் தலையிலேயே ஏற்றுகிறார்.

அவருக்கென்று வாங்கி வந்திருந்த பால்கோவாவை எடுத்துக் கொடுக்க அன்று எனக்குக் கை வரவில்லை.