மேசையில் வைத்த மாத்திரை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். யாருக்கு என்ன மாத்திரை, எந்தத் தேதியில் தீரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்பேர்ப்பட்ட நான், மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்லும் சபையில் ஞாயிறுதோறும் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நினைத்தால் சில நாள் சிரிப்பு வரும். பல நாள் எரிச்சல்தான்.

ஆரம்பத்தில் அந்தச் சபை அப்படி இல்லை. அம்மா இறந்த பிறகு ஆறு மாதம் எனக்குத் தூக்கமே கிடையாது. மாதாமாதம் வலிப்பு மாத்திரை வாங்கக் கடைக்கு வரும் ஓர் அக்கா, எங்கள் ஊர் மடவார் வளாகம் பக்கம் தனியாகக் குடியிருப்பவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒரு ஞாயித்துக்கிழமை எங்கூட வா. பிடிக்கலைன்னா பொறவு வராத" என்றார். ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறிப் போனோம். தகரக் கூரை போட்ட சின்னச் சபை. அவர்கள் பாட ஆரம்பித்ததுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அழுகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து படுத்தவள் விளக்கு வைக்கிற நேரம்வரை தூங்கினேன். அந்தத் தூக்கத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்காரரையும் நான்தான் கூட்டிப்போனேன். அவர் மில்லில் ஃபிட்டர். சேத்தூரில் விவசாயக் குடும்பம். ஒரு வருடம் வர மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். வந்த பிறகோ என்னைவிட ஆழமாக இறங்கிவிட்டார். குலசாமி பொங்கலுக்கு வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லப்போய், கூடப்பிறந்த அண்ணனோடு பேச்சுவார்த்தை அறுந்தது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகைகூட வரவில்லை. அன்றைக்கு முழுக்க மனுஷன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் என்னால் வந்தது.

பழைய பாஸ்டர் பிரசங்கத்துக்கு நடுவிலேயே தண்ணீர் கேட்டு வாங்கி சுகர் மாத்திரை போட்டுக்கொள்வார். அவர் காலமான பிறகு வந்தவர்தான் இந்தப் புது உபதேசத்தைக் கொண்டுவந்தார். மருந்து எடுத்தால் கர்த்தர்மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாம். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து முன்னால் இருக்கும் மேசையில் வைக்க வேண்டும். சுகம் கிடைத்ததும் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆராதனை முடிந்ததும் நேரே போய்க் கேட்டேன்.

"பாஸ்டரய்யா, நீங்க கண்ணாடி போட்டிருக்கீகளே, அது எதுல சேத்தி?"

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "சிஸ்டர், கடை வேலை உங்கள இப்படிப் பேச வைக்குது. உங்களுக்காக ஜெபம் பண்றேன்" என்றார். கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். ஜெபம் பண்றேன் என்கிறவரிடம் என்னத்தைப் பேச?

அடுத்த மாதமே வீட்டுக்காரர் மில்லில் மயங்கி விழுந்தார். பிரஷர் இருநூறைத் தொட்டுவிட்டது. தினமும் காலையில் ஒரு மாத்திரை, ஒருநாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் சத்தம் போட்டார். மூன்று வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டார். நான்காவது ஞாயிறு, ஆண்கள் பக்கமிருந்து எழுந்து போய், சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். நான் என் கையால் எடுத்துவந்த அட்டை அது. சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே ஆரம்பித்தேன். இந்தச் சபை நமக்கு வேண்டாம், மருந்து சாப்பிட விடுகிற வேறு சபைக்குப் போவோம், கர்த்தர் என்ன இங்கே மட்டுமா இருக்கிறார் என்று கேட்டேன்.

"நீதான கூட்டியாந்த?" என்றார். "அண்ணனையே விட்டுட்டு வந்தேன். இப்ப இதையும் விட்டுட்டு வான்னா, நான் எங்குட்டுட்டி போய் நிக்க?"

மூன்று ஞாயிறு நான் போகவில்லை. அவர் மட்டும் போய்வந்தார். வந்ததும் பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். தலைவலியா என்று கேட்டால் இல்லை என்பார். யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்துபோனது. நான் விலகுவது பெரிய காரியமில்லை, பஸ் ஏறாமல் இருந்தால் போதும். ஆனால் அவரை அங்கே தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் தப்பித்து என்ன பிரயோஜனம்? நான் விலகிவிட்டால், அவர் காதில் நான் சொல்வதெல்லாம் அவிசுவாசி பேச்சாகத்தான் விழும்.

நான்காவது வாரம் அந்தக் காரியத்தைச் செய்தேன். மாத்திரையைப் பொடித்து அவருடைய காலைக் காபியில் கலந்தேன். எதைப் பொடிக்கலாம், எதைக் கூடாது என்பது எனக்குத் தெரியும். சீனி ஒரு கரண்டி கூடப் போட்டேன். "இன்னைக்குக் காபி நல்லாருக்கு" என்று குடித்துவிட்டு வேலைக்குப் போனார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து மில்லில் எல்லாருக்கும் செக்கப் நடந்தது. பிரஷர் நார்மல் என்று சீட்டு கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டோடு வந்து, இந்த ஞாயிறு நீ கட்டாயம் வர வேண்டும் என்று கெஞ்சினார். போனேன். சீட்டை உயர்த்திப் பிடித்து, கர்த்தர் தன்னைத் தொட்டுவிட்டதாகச் சாட்சி சொன்னார். அத்தனை பேரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்துபோய்த் தன் வலிப்பு மாத்திரையை மேசையில் வைத்தார்.

அந்த மாதம் அக்கா கடைக்கு வரவில்லை. மாத்திரையை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். நெற்றியில் காயம். நிலைப்படியில் இடித்துக்கொண்டேன் என்றார். பொய் சொல்கிறார் என்று முகமே சொன்னது. "பயப்படாதட்டி. உன் வீட்டுக்காரரு சாட்சிதான் எனக்குத் தைரியம்" என்றாரே பார்க்கலாம்! அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. காபி விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

அக்கா நெற்றிக் காயத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா என் கையால பச்சத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாக."

மாத்திரையை நீட்டினேன். வாங்கவில்லை. "அம்புட்டுப் பேரு முன்னாடி கொண்டுபோய் வச்சிருக்கேன். பொறவு இந்தக் கையால எப்படிட்டி எடுத்து முழுங்க?" என்று அழுதார். அழுது முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ கடைக்குப் போறப்ப காபி கொண்டாந்து குடு. அதுல என்ன கிடக்குன்னு நான் கேக்க மாட்டேன்."

அன்றிலிருந்து தினமும் இரண்டு காபி. ஒன்று வீட்டில், இன்னொன்று ஃபிளாஸ்க்கில். நல்லவேளை, அக்காவுக்கும் காலையில் ஒரு வேளைதான். சபைக்கும் ஒழுங்காகப் போகிறேன். போகாமல் இருந்தால் வீட்டுக்காரருக்கு என்மேல் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் காபியை மோந்து பார்ப்பார். சுகம் பெற்றவர்கள் கையைத் தூக்குங்கள் என்று பாஸ்டர் சொல்லும்போது அந்தப் பக்கம் அவர் கை, இந்தப் பக்கம் அக்கா கை. அந்த உபதேசம் பொய் என்று தெரிந்த நானே அதற்கு இரண்டு அத்தாட்சி செய்து கொடுத்திருக்கிறேன். பாவி நான்.

போன ஞாயிறு, ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் கையில் அட்டையுடன் மேசையை நோக்கி நடந்தாள். அட்டையின் நிறத்தைப் பார்த்ததுமே அது பிரஷர் மாத்திரை என்று தெரிந்துவிட்டது. எந்த ஊரோ, யார் வீட்டுப் பிள்ளையோ. எத்தனை வீட்டுக்கு நான் காபி போட முடியும்? எழுந்து நின்றுவிட்டேன். அம்மா, வைக்காதே என்று சொன்னால் போதும். அதற்குள் ஆண்கள் பக்கமிருந்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கடைசியில் நானும் சாட்சி சொல்ல எழுந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். முகமெல்லாம் சந்தோஷம், கண் கலங்கியிருந்தது. அண்ணனோடு பேச்சு நின்றதிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவே இல்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன்.