இடுப்புக்குப் பட்டை தேடிக் கிள்ளானுக்கு

காலை ஒன்பது மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டிலிருந்து கிளம்பினேன். திருச்சியிலிருந்து வந்ததிலிருந்து ஊர் சுற்றிப் பார்த்தபாடில்லை. அக்காவின் இடுப்பு வலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் தைப்பூசம். பத்துமலையில் பால்குடம் எடுப்பதாக அக்காவுக்கு வேண்டுதல், ஆனால் எழுந்து நிற்கவே சுவர் வேண்டும்.

"கிள்ளான்ல சின்சே கடை இருக்கு. தூ சோங் பட்டைன்னு கேளு. ஒடிச்சா வெள்ளையா நூல் வரணும், இல்லன்னா வாங்காத" என்று உத்தரவு. சின்சே என்றால் சீன வைத்தியர். இங்கேயே கிடைக்காதா என்றேன். கிள்ளான் பட்டைதான் பட்டையாம்.

பக்கத்திலேயே இருக்கும் சென்ட்ரல் நிலையத்தில் கம்யூட்டர் ரயில். டிக்கெட் ஐந்து ரிங்கிட்டைத் தாண்டவில்லை, பயணம்தான் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. சுபாங் ஜெயா வருவதற்குள் ஏசிக் குளிரில் விறைத்துப்போனேன். கிள்ளானில் இறங்கினால் வெயில் மண்டையைப் பிளந்தது.

லிட்டில் இந்தியா புடவைக் கடைகளைத் தாண்டி, முதலில் கண்ணில் பட்ட மருந்துக் கடையில் பட்டை கேட்டேன். கடைக்காரர் சூப் பொட்டலம் ஒன்றை எடுத்துவைத்து, பன்றி எலும்போடு எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று கையாலேயே விளக்கினார். வீட்டில் அக்கா விரதம். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அக்கா சொன்ன கடை அடுத்த தெருவில் இருந்தது. சின்சே நாற்பது வயதுப் பெண்மணி. பக்கத்துக் கடைகளோடு பழகிய தமிழ் சரளமாக வந்தது. பட்டையை ஒடித்தார், இரண்டு துண்டுக்கும் நடுவே வெள்ளை இழைகள் ரப்பராக இழுபட்டன. நூறு கிராம் பதினைந்து ரிங்கிட். பர்ஸை எடுத்தேன்.

"யாருக்கு?"

"அக்காவுக்கு. பிரிக்பீல்ட்ஸ்ல இருக்காங்க."

"நாடி பாக்காம குடுக்க மாட்டேன் அண்ணே. பிரஷர் மருந்து சாப்புடுறாங்களா, என்னான்னு தெரியாதுல்ல. கூட்டிட்டு வாங்க."

"ரயில்ல ஒரு மணி நேரம் உட்கார முடியாதுங்க. பத்துமலை ஏறணுமேன்னுதான் மருந்தே கேக்குறோம்."

பட்டையை இழுப்பறையில் போட்டு மூடினார். "உக்காரவே முடியாதவங்க மலை எப்படி லா ஏறுவாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் பெயரைச் சொன்னால் பொட்டலம் மடிப்பார்கள். யாருக்கு, எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. திரும்பும் ரயிலில் பாதி வழி அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டே வந்தேன். மீதி வழியில்தான் உறைத்தது. மலை எப்படி ஏறுவாள் என்பது, அத்தானும் நானும் அக்காவுக்குப் பயந்து தொண்டைக்குள்ளேயே வைத்திருந்த கேள்வி.

இரண்டு மணிக்கு வீடு. வெறுங்கையைப் பார்த்து அக்கா முறைத்தாள். சின்சே கேட்டதை அப்படியே சொன்னேன். பாயில் படுத்தபடியே மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள்.

"டிக்கெட்ட மாத்திக்கோ. கொடத்த நீ எடு."

என் விமானம் நாளை மறுநாள். மாற்றினால் தண்டம், அலுவலகத்தில் ஏச்சு, போதாததற்கு விரதச் சாப்பாடு வேறு. பட்டை வாங்கப் போனவன் தலையில் பால்குடமா என்று கத்த வாயெடுத்தேன். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மேல போனதும், அக்கா கீழதான் நிக்குறான்னு சாமிகிட்ட சொல்லிடுடா."