மாரிசெல்லின் அம்மா

சுவிஸின் துன் நகரத் தேவாலய மண்டபத்தில் பிலிப்பைன்ஸ் பெண்கள் நாடகம் பழகுகிறார்கள். தாயின் செத்தவீட்டுக்குப் போகமுடியாத மகளின் கதை. என்னோடு முன்பு ஹோட்டலில் துப்புரவு வேலை செய்த மாரிசெல்லின் சொந்தக் கதைதான். தாயாக நடிப்பவள் வரவில்லை. பாடன் நகரிலிருந்து பார்க்க வந்த என்னை மாரிசெல் அந்த நாற்காலியில் இருத்துகிறாள்.

"நான் எட்டாம் வகுப்புத்தான். பிழை விட்டிடுவன்."

"அம்மாவா இருக்க என்ன படிப்பு? கையை நீட்டுங்கோ, அக்கா." ஜெர்மன் மொழியில் கதைத்தாலும் 'அக்கா' மட்டும் தமிழ்.

பெரியவர்களிடம் ஆசி வாங்கும் தங்கள் ஊர் வழக்கப்படி குனிந்து, என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைக்கிறாள். நெற்றி சுடுகிறது. காய்ச்சலோ என்று பயப்படுகிறேன்.

"உங்கட அம்மாவின்ர செத்தவீட்டுக்குப் போனீங்களோ?"

"இல்லை. அப்ப அகதி. போகேலாது."

"அப்ப எழும்புங்கோ."

என்னைவிட இளையவளான மாரிசெல் இப்போது நாற்காலியில் இருந்துகொண்டு கையை நீட்டுகிறாள். சவர்க்காரம் மணக்கிறது. உடுப்புத் தோய்த்துவிட்டு வரும் அம்மாவின் கையும் இப்படித்தான் மணக்கும். நான் குனிகிறேன்.