பூட்டிய தண்ணி லாரி

நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்தோம். நான் புரோகிராம் கோடு எழுதினேன், அவள் படம் வரைந்தாள். இரண்டு பேருமே அப்போது வேறு வேறு கம்பெனிகளில் வேலை. சனி, ஞாயிறுகளில் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் அவளுடைய அப்பா வீட்டு மாடியறையில் உட்கார்ந்து செய்ததுதான். அதில் நீங்கள் ஒரு தண்ணி லாரி டிரைவர். வெயில் காலம், வீடுகளில் சம்ப் தொட்டி எல்லாம் காலி. குறுகிய சந்துகளில் லாரியை நுழைத்து, எதிரே வரும் ஆட்டோக்களையும் நடுரோட்டில் படுத்திருக்கும் மாட்டையும் சமாளித்து, சிந்தாமல் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெங்களூரில் ஏப்ரல் மாதத்தைக் கழித்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட சாகசம் என்று விளக்க வேண்டியதில்லை.

வெளியிட்ட வாரமே திருட்டு காப்பி வந்துவிட்டது. தோழிதான் முதலில் பார்த்தாள். யாரோ ஒரு கூட்டம் எங்கள் கேமை எடுத்து ஒரு தளத்தில் இலவசமாகப் போட்டிருந்தது. கீழே வரிசையாகப் பாராட்டுகள். மாடு பிரமாதம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த மாட்டை அவள் எத்தனை தடவை அழித்து அழித்து வரைந்தாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பெயர்கள் வரும் முதல் திரையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பச்சை மண்டையோட்டை வைத்திருந்தார்கள். அவர்களுடைய முத்திரையாம்.

"எடுத்துட்டுப் போறவன் போகட்டும். நம்ம பேரை ஏன்டி அழிக்கணும்? அது அவனை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

அந்தக் கோபம் ஆறாத நிலையில்தான் ஒரு வெளியீட்டு நிறுவனம் எங்களைத் தேடி வந்தது. கேமை அவர்களே விற்பார்கள், புதுத் தெருக்கள் சேர்க்கப் பணம் தருவார்கள், முக்கியமாக அவர்களிடம் ஒரு பூட்டு இருந்தது. கேமை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது இணையம் வழியாக அவர்களுடைய சர்வரிடம் கேட்கும்: இவர் வாங்கியவர்தானா? ஆமாம் என்று பதில் வந்தால்தான் லாரி நகரும். விளையாடும்போது நடுவிலும் கேட்கும். எங்களுக்கு அது அமிர்தமாக இருந்தது. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டோம். முழுசாகச் செய்து முடித்த கோடு, படங்கள், உரிமை எல்லாம் அவர்கள் பக்கம் போயின. எங்களிடம் மிஞ்சியது ஆரம்பகால அரைகுறைகள்தான். சில மாதங்கள் கழித்து அந்தப் பூட்டையும் அதே மண்டையோட்டுக் கூட்டம் உடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் கேம் ஓரளவு விற்றிருந்ததால் எங்களுக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு மெயில் வந்தது. விவேக் நகரில் சின்ன கிளினிக் வைத்திருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் எழுதியிருந்தார். உங்கள் கேமைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், ரசீதும் இருக்கிறது. ஆனால் எங்கள் பயிற்சி அறை பேஸ்மெண்டில் இருக்கிறது, நெட் வந்து வந்து போகிறது. அதனால் உடைத்த காப்பியைத்தான் போட்டு நோயாளிகளுக்குப் பயன்படுத்துகிறேன். இதைச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. நெட் இல்லாமல் ஓடுகிற மாதிரி ஒன்று தர முடியுமா? இதுதான் விஷயம்.

"திருடிட்டு ரசீது காட்டுற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று தோழி சிரித்தாள். அடுத்த சனிக்கிழமையே போய்ப் பார்த்தோம்.

விவேக் நகர் சர்ச்சுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மெடிக்கல் ஷாப்புக்குக் கீழே இருந்தது அந்தக் கிளினிக். மேஜையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதோடு விளையாட்டுக் கார்களுக்கான ஸ்டீயரிங் சக்கரம். அதன் முன்னால் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிருந்தன. வலது கையை ஸ்டீயரிங்கோடு ஒரு மெல்லிய துணிப்பட்டையால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவருடைய மகள் நின்றிருந்தாள்.

"பந்து உருட்டுங்க, கயிறு இழுங்கன்னா ஆன்ட்டி மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. இதுல உட்கார்ந்தா எழுந்திருக்கவே மாட்டாங்க" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

திரையில் லாரி சந்துக்குள் திரும்பியது. ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. அந்த அம்மாவின் தோள் அசைந்தது, முழங்கை அசைந்தது, சக்கரம் மெல்லத் திரும்பியது. பிறகு, வாய் கோணிக்கொண்டு, ஆனால் தெளிவாக, "ஏய்! கண்ணு காணல்வேனோ!" என்று கன்னடத்தில் ஒரு திட்டு வந்தது. கண்ணு தெரியலையாடா என்று அர்த்தம்.

நாங்கள் இரண்டு பேரும் திகைத்துப்போனோம். மகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"என் பேரைச் சொல்ல வரலை, அக்கா. தண்ணி வேணும்னு கேட்க வரலை. ஆட்டோக்காரனைத் திட்டுறது மட்டும் வருது. அம்மா சைக்கிள்கூட ஓட்டினதில்லை. ஆபீஸுக்கு இத்தனை வருஷமும் பஸ்ஸுலதான் போனாங்க. பஸ் ஜன்னல்ல உட்கார்ந்துக்கிட்டு ரோட்டுல போறவனையெல்லாம் திட்டிக்கிட்டே போவாங்க."

திட்டு, பாட்டு, ஜெபம் மாதிரி பழகிப்போன சொற்கள் சிலருக்கு முதலில் திரும்பும் என்றும், அதைப் பிடித்துக்கொண்டு மற்ற பேச்சையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவரப் பார்க்கலாம் என்றும் பிசியோதெரபிஸ்ட் சொன்னார். கிளம்பும்போது அந்த அம்மா தன் இடது கையால் தோழியின் கன்னத்தைத் தட்டினார். ஆட்டோவில் திரும்பி வரும்போது தோழி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அந்தப் பச்சை மண்டையோட்டின் மேல் அன்றைக்கு அவளுக்குக் கோபமே இல்லை. நெட் இல்லாமல் ஓடும் ஒரு காப்பிக்கு வெளியீட்டு நிறுவனத்திடம் முறையாக அனுமதி கேட்பது என்று முடிவு செய்து, அன்றே மெயில் அனுப்பினோம்.

பதில் வருவதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. மகள் தன் அம்மா விளையாடுவதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். அது பரவியது. திட்டுகிற பாட்டி என்று எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் பகிர்ந்தார்கள். எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை. ஆபீஸில் எல்லோரிடமும் காட்டினேன். ஆனால் கேம் திறக்கும் இடத்திலிருந்தே அந்த வீடியோ ஆரம்பித்தது. முதல் சில நொடிகள் திரை முழுக்க அந்த மண்டையோடு.

வெளியீட்டு நிறுவனத்தில் திருட்டு காப்பிகளைக் கண்காணிக்க ஒரு குழு இருந்தது. வீடியோவில் பெயர்ப்பலகையைப் பார்த்து அவர்கள் கிளினிக்குக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். உடனே நீக்க வேண்டும், இல்லையென்றால் நடவடிக்கை. கேள்விப்பட்டதும் நான் அவர்களுடைய அதிகாரியைப் போனில் பிடித்தேன்.

"அவர் வாங்கியிருக்கார் சார். ரசீது இருக்கு."

"அப்போ வாங்கினதையே போட வேண்டியதுதானே?"

"அங்கே நெட் நிற்கலை."

"அது எங்க பிரச்சினை இல்லையே மேடம். ஒருத்தருக்குத் திறந்துவிட்டா எல்லாருக்கும் திறந்துவிடணும். உங்க பாதுகாப்புக்குத்தான் இதெல்லாம்."

மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் கோரிக்கையை மேலே அனுப்பியிருக்கிறோம், காத்திருங்கள் என்றார்.

நாங்கள் பிசியோதெரபிஸ்டை அழைத்துப் பேசியபோது அவர் ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தார். "கிளினிக் லைசன்ஸ் விஷயம் மேடம், பயமா இருக்கு. உங்களுக்கும் என்னால சங்கடம் வேண்டாம். வாங்கினதையே மொபைல் ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

போட்டுப் பார்த்தார். திறந்தது. ஆனால் பேஸ்மெண்டில் சிக்னல் அறுந்த போதெல்லாம் லாரி நடுச்சந்தில் அப்படியே நின்றது. திரை கறுத்து, உங்கள் உரிமையைச் சரிபார்க்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வந்தது. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் நோய் வந்த பிறகு எழுத்துகள் குழம்பின. தான்தான் ஏதோ தப்பாகச் செய்து கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பிசியோதெரபிஸ்டின் முகத்தைப் பார்த்து இடது கையால் கும்பிடுவாராம். இதை மகள் போனில் சொன்னபோது தோழி போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். கொஞ்ச நாளில் அந்த அம்மா ஸ்டீயரிங் பக்கம் போக மறுத்தார். பிறகு கிளினிக்குக்கு வரவே மறுத்தார்.

நாங்கள் விடாமல் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தோம். பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்தது. அப்புறம் பதில் வருவதும் நின்றது. கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கி, எங்கள் மாதிரிச் சின்ன கேம்களை எல்லாம் மூடிவிட்டது என்று செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். சர்வரை நிறுத்திவிட்டார்கள். பதில் சொல்ல யாரும் இல்லாத பூட்டு அப்படியே பூட்டிக்கொண்டது. காசு கொடுத்து வாங்கிய யாராலும் அதைத் திறக்க முடியவில்லை. செய்த எங்களாலும் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி என்னைக் கூப்பிட்டு, "திருட்டு காப்பியைத் தேடலாமா?" என்றாள். நாங்களே புகார் கொடுத்து எடுக்கவைத்த தளங்களில்தான் தேடினோம். பாதி இணைப்புகள் செத்துப்போயிருந்தன. ஒன்றில் வைரஸ். கடைசியில் எங்கோ ஒரு மூலையில் ஒன்று கிடைத்தது. இறக்கித் திறந்தோம். மண்டையோடு வந்தது, லாரி வந்தது, மாடும் அதே இடத்தில் படுத்திருந்தது. நாங்கள் அவ்வளவு திட்டித் தீர்த்த ஆட்கள்தான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

பிசியோதெரபிஸ்டிடம் ஸ்டீயரிங்கை இரவல் வாங்கிக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். அவர் நன்றாக மெலிந்திருந்தார். வலது கை மடியில் இறுகிச் சுருண்டிருந்தது. மகள் லேப்டாப்பை மேஜையில் வைத்து, அந்தக் கையை மெதுவாக விரித்துச் சக்கரத்தில் பொருத்தினாள். அது வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. "இருக்கட்டும், பார்க்கட்டும்" என்று சொல்லி நானே லாரியை ஓட்டினேன்.

வேண்டுமென்றே ஆட்டோக்கள் நிறைய வரும் தெருவாகப் பார்த்துப் போனேன். ஒன்று குறுக்கே பாய்ந்தது. அவருடைய உதடு அசைந்தது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து அவர் வாயையே பார்த்தோம். சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

மகள் காபி போட்டுக் கொடுத்தாள். தம்ளரை என் கையில் தரும்போது, கோபம் இல்லாமல், தெரிந்துகொள்ள விரும்பி மட்டும் கேட்டாள்: "இது இப்படித் தனியா ஓடும்னா, அன்னைக்கே இதை விட்டுவெச்சிருக்கலாமே, அக்கா? எதுக்கு எடுக்கச் சொன்னாங்க?"

தோழி என்னைப் பார்த்தாள். எங்கள் பாதுகாப்புக்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரியலைம்மா" என்றேன். லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.