ஸ்டெல்லா வரைந்த தாமல் ஏரி

மூன்றாவது பீரியட் நடத்திக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் கதவருகே வந்து நின்றார். "ஸ்டெல்லா டீச்சர் பூட்டாங்கம்மா. ஆஸ்பத்திரியிலேர்ந்து இப்பதான் போன் வந்துச்சு." சாக்பீஸை வைத்துவிட்டு மதிய உணவுக் கூடத்துக்குப் போய் நின்றேன். வேறெங்கே போவதென்று தெரியவில்லை.

அந்தக் கூடத்துச் சுவர், இந்தப் பள்ளியில் படித்த உங்களுக்கும் தெரியும். எங்கள் ஓவிய ஆசிரியை, என் வயதுக்காரி ஸ்டெல்லா, தன் சொந்த ஊரான தாமலின் ஏரியை அதில் தீட்டியிருக்கிறாள். தண்ணீர், பனைமரங்கள், பச்சை வயல். கரையெல்லாம் மனிதர்கள்: மண் வெட்டுபவர்கள், கூடை சுமக்கும் பெண்கள், மதகைத் திறக்கும் ஒருவர். வெட்டுகிற மண்ணில் புழு தேடி அவர்கள் காலடியிலேயே கொக்குகள்.

படம் முடிந்த அன்று தாளாளர் வந்து பார்த்தார். "இயற்கைக் காட்சி அருமையா இருக்குதும்மா. இந்த ஆளுங்கள மட்டும் எடுத்துட்டா சுத்தமா இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சிரித்தாள். "ஏரி தானா வந்துச்சா சார்? எங்க ஆளுங்க மண்ணு சுமந்து கட்டுன கரை. அவங்கள எடுத்தா தண்ணி நிக்காது சார்."

மறுநாள் பார்த்தால் கரையில் ஓர் ஆள் கூடியிருந்தார்! அதுவே அவள் வழக்கமாகிவிட்டது. யார் ஆட்களை அழிக்கச் சொன்னாலும் வாக்குவாதம் செய்யமாட்டாள். சனிக்கிழமை வந்து ஒருவரைச் சேர்த்துவிடுவாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி சொன்னதற்குக் கூடையோடு ஒருத்தி. நன்கொடையாளர் முகம் சுளித்ததற்குக் கரையில் உட்கார்ந்து சோறு தின்னும் ஒருவன்.

"இன்னாம்மா பண்றே, வேலை போயிடப் போகுது" என்றேன்.

"போனா போவட்டும்பா. அவங்க கூட நானும் நிக்கறேன்." இவளோடு பேசி ஜெயிக்க முடியுமா?

அவளை அடக்கம் செய்த மறுவாரமே, ஆண்டுவிழாவுக்காக அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போவதாகத் தாளாளர் சொல்லி அனுப்பினார். அவள்தான் இல்லையே, இனி யார் கேட்பார்கள் என்ற தைரியம். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

சனிக்கிழமை அவளுடைய பிரஷ்ஷோடு போனேன். நான் கணக்கு டீச்சர். எனக்கு ஒரு பூனைகூட வரைய வராது. மதகுக்குப் பக்கத்தில் சேலையை இழுத்துச் செருகிய ஒரு பெண்ணை வரைந்தேன். ஒரு கை நீளம், மூக்கு கோணல். ஆனாலும் அது ஸ்டெல்லாதான். திங்கட்கிழமை சுண்ணாம்பு வாளியோடு வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். தாளாளர் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அதற்கு அடுத்த சனிக்கிழமை இன்னொரு ஆள்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த வீம்பைத்தான். அவளைத் தெரிந்தவர்கள் வரும் சனிக்கிழமை வாருங்கள். வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.