மாவுக்கட்டுக்குள் ஒரு சத்தம்

ஷுங்கோவின் காதைப் பற்றி மனைவி வீட்டில் ஒரு கேலி உண்டு. யமகதா நகரத்து அடுக்குமாடிகளில் லிஃப்டுகளைச் சோதிக்கிற வேலை அவனுக்கு. கூண்டின் கூரைமேல் ஏறிக் குந்திக்கொண்டு, இருட்டில், கம்பிகளும் உருளைகளும் பேசுவதைக் கேட்க வேண்டும். நல்ல லிஃப்ட் ஒன்றும் பேசாது. பேசினால் பயப்பட வேண்டும். பயப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவன் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பயத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா என்ன?

மகள் நஸுனாவுக்கு அரைத்துணி மாற்றும்போது அவள் இடது இடுப்பில் ‘டக்’ என்று ஒன்றை முதலில் கேட்டவனும் அவன்தான்.

“உங்களுக்கு அரிசி வேகறதே இடி மாதிரி கேக்கும்” என்று சிரித்தாள் மனைவி சிகுசா.

நஸுனா நடக்கத் தொடங்கி, ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தபோது அவளும் சிரிப்பை விட்டுவிட்டாள். தொடை எலும்பின் தலை அதன் குழியில் உட்காரவே இல்லை என்று எக்ஸ்ரே காட்டியது. மயக்கம் கொடுத்து எலும்பைக் குழிக்குள் தள்ளி, நெஞ்சுக்குக் கீழிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். இரண்டு கால்களும் தவளைக்குப்போல அகன்று, நடுவே ஒரு குச்சி வைத்துக் கட்டியிருந்தது. “மறுபடி நழுவினா, அடுத்தது எலும்பை வெட்டித்தான் வைக்கணும்” என்று சொல்லிவிட்டு டாக்டர் பேனாவை மூடினார். அந்த மூடியும் ‘டக்’ என்றது.

அன்றிலிருந்து ஷுங்கோவுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கட்டுக்கு வெளியே எட்டிப்பார்க்கும் கால்கட்டைவிரலை அழுத்துவான். நகம் வெளுக்கும். விட்டால் சிவக்க வேண்டும். சிவக்கிறவரை அவன் மூச்சு விடமாட்டான்.

இந்த இலையுதிர்காலத்தில் எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்பது அவன் கட்சி. சிகுசா கேட்கவில்லை.

“கட்டு பிரிக்கறதுக்குள்ள பனி கொட்டிடும். புள்ளைக்கு இந்த வருஷம் இலை சிவக்கறதே கிடையாதா? கால்தானே கட்டியிருக்கு, கண்ணையா கட்டியிருக்கு?”

தள்ளுவண்டியில் அகன்ற கால்கள் அடங்கவில்லை. சிகுசாவின் அண்ணன் கென்சுகே, கூடாரச் சாமான் இழுக்கிற நான்கு சக்கர வண்டியைக் கொடுத்தார். அதில் தலையணைகளைப் பரப்பி ஆப்பிள் தோட்டத்துக்குப் போனார்கள். பழம் தின்னக் கரடி இறங்குகிற காலம் என்பதால், சத்தம் கேட்டு அது விலகிப்போக வண்டிக் கைப்பிடியில் மணி கட்டியிருந்தது. கரடி வந்தால் எல்லாரும் ஓடுவார்கள். கட்டோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட முடியும் என்று ஷுங்கோ மனதுக்குள்ளேயே ஓடிப்பார்த்தான். பாதி வழியில் விழுந்தான். நஸுனாவோ மல்லாந்து கிடந்தபடியே தாழ்ந்த கிளையில் இருந்த ஆப்பிளை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

அடுத்த வாரம் கோயில் மலையடிவாரம். மேப்பிள் மரங்கள் ஓசையில்லாமல் எரிந்துகொண்டிருந்தன. நஸுனா கை நிறைய ஓக் கொட்டைகள் வைத்திருந்தாள். அவன் விரலை அழுத்தினான். வெளுத்தது. சிவந்தது.

அதற்கடுத்த ஞாயிறு ஆற்றங்கரைக்குப் போனார்கள். இந்தப் பருவத்தில் ஊரே ஆற்றங்கரையில் கல் கூட்டி அடுப்பு மூட்டி, பெரிய பானைகளில் சேப்பங்கிழங்குச் சாறு காய்ச்சும். இமோனி என்பார்கள். இங்கே அதில் மாட்டுக்கறி; ஷுங்கோ பிறந்த கடற்கரை ஊரில் பன்றிக்கறி. கரை முழுக்கப் புகை. கென்சுகேயும் அவர் மனைவி தோகியேயும் முன்னாடியே வந்து பாய் விரித்திருந்தார்கள்.

சாலையிலிருந்து கரைக்கு இறங்குகிற இடத்தில் கூழாங்கல் ஒன்றில் ஏறி வண்டி துள்ளியது.

டக்.

ஷுங்கோ நின்றுவிட்டான். ஆற்றுச் சத்தம், பக்கத்துப் பானைக்காரர்களின் சிரிப்பு எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு அந்தச் சத்தம் மட்டும் அவனுக்குள் இறங்கியது. கட்டுக்குள்ளிருந்து வந்தது. சந்தேகமே இல்லை. குனிந்து விரலை அழுத்தினான். சிவந்தது. நஸுனா மணியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை.

“என்ன மாப்ள, வரும்போதே முகம் வாடியிருக்கு?” என்றார் கென்சுகே. “பன்னிக்கறி இல்லன்னா? உங்க கடற்கரைச் சனம் பன்னியையும் சோயா விழுதையும் போட்டுக் கலக்கிட்டு அதையும் இமோனின்னு சொல்லுமே!”

“எங்க ஊர்ல குழந்தைக்குப் பல்லு முளைக்கறவரைக்கும்தான் மாட்டுக்கறிச் சாறு குடுப்போம் மச்சான். அப்புறம் ருசி தெரிஞ்சிடும்” என்றான் ஷுங்கோ. வருடாவருடம் சொல்கிற பதில். இந்த முறை வாய் மட்டும் அதைச் சொன்னது.

“சிகுசா, கேட்டியா? உன் புருஷன் நம்ம பானையிலயே தின்னுட்டு நம்ம பானையிலயே துப்பறான்!”

தோகியே கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில், தலையணைமேல் குப்புறப் படுக்க வைத்தார்கள் நஸுனாவை. சீவிய தோல்கள் சுருள்சுருளாக அவள் எதிரில் குவிந்தன. ஷுங்கோ தண்ணீர் எடுத்துவரப் போனான். ‘இப்பவே சொல்லிவிடலாமா? சொன்னால் சிகுசா சிரிப்பாள். சிரிக்காவிட்டால்?’ அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வாளி நிரம்புவதற்குள் அந்த அலறல் கேட்டது.

பசிக்கோ தூக்கத்துக்கோ நஸுனா அழுகிற அழுகை இல்லை அது. ஷுங்கோ வாளியைப் போட்டுவிட்டு ஓடினான். அவள் முகம் கறுத்துச் சிவந்து, இரண்டு கைகளாலும் கட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன ஆச்சு? யாரு தூக்கினது? குச்சியப் பிடிச்சுத் தூக்கினீங்களா?”

“யாரும் தொடல தம்பி! சும்மாத்தான் கிடந்தா, சிரிச்சிக்கிட்டுக் கிடந்தா!” என்றாள் தோகியே.

“நழுவிடுச்சு” என்றான் ஷுங்கோ. “கல்லுல ஏறினப்ப சத்தம் கேட்டுச்சு. நான் கேட்டேன்.”

சிகுசா சிரிக்கவில்லை. “அப்பவே ஏன் சொல்லல?” என்று மட்டும் கேட்டாள். அவள் உதடு வெளுத்திருந்தது. அழுத்தாமலே வெளுத்திருந்தது. பிறகு தனக்குள் சொல்வதுபோல், “நான்தான் கூட்டிட்டு வந்தேன்” என்றாள்.

ஷுங்கோ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். உடனே கொண்டுவரச் சொன்னார்கள். கென்சுகே அதற்குள் பானையைக் கிளறுகிற நீளக் குச்சிகளோடு குனிந்தார்.

“உள்ள ஏதோ பூச்சி போயிருக்கும் மாப்ள. லேசா விட்டுச் சொறிஞ்சா—”

“குச்சிய உள்ள விடாதீங்க!”

அந்த வீட்டார் அவன் கத்திக் கேட்டதே இல்லை. பக்கத்துப் பானைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே தோல் கிழிந்தால் புண் யார் கண்ணுக்கும் தெரியாமல் அழுகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.

நஸுனா மூச்சிழுக்க அலறலை நிறுத்திய நொடியில் ஷுங்கோவுக்கு வேறொரு சத்தம் கேட்டது. பரக், பரக். தோகியே தன்னையறியாமல் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தாள். கிழங்குப் பால் பட்டு அரிக்கிற கை. பக்கத்தில் அதற்கென்றே கிண்ணத்தில் வினிகர்.

அவன் மகளின் கையை விரித்துப் பார்த்தான். விரலிடுக்கில் ஈரமான பழுப்புத் தோல் ஒன்று.

“நஸுனா, தோலை எங்கம்மா போட்ட?”

விக்கலுக்கு நடுவே அவள் கட்டின் விளிம்பைத் தட்டினாள். “வீட்டுக்குள்ள.”

போன் வெளிச்சத்தில் பார்த்தார்கள். நெஞ்சுக்கும் கட்டுக்கும் இடையிலான சந்தில், ஆழத்தில், பழுப்பாய்ச் சில சுருள்கள்.

“தலைகீழாப் பிடிச்சாத்தான் வரும்” என்றாள் சிகுசா.

“இடுப்பு நழுவியிருந்தா? தலைகீழாப் பிடிச்சா இன்னும்—”

“ஆஸ்பத்திரி போறவரைக்கும் இந்த அரிப்போட விட முடியுமா? பாருங்க அவளை! நீங்க பிடிங்க. உங்க கை ஆடாது.”

ஷுங்கோ பாயில் முட்டிபோட்டான். கட்டை இருபுறமும் அணைத்துத் தூக்கி, மெல்ல, மிக மெல்ல அவளைக் கவிழ்த்தான். நஸுனாவின் முடி பாயைத் தொட்டது. சிகுசா கட்டின்மேல் உள்ளங்கையால் தட்டினாள். ஒரு தோல் விழுந்தது. இன்னொன்று. பிஸ்கட் தூள். சிவந்த மேப்பிள் இலை ஒன்று, கசங்கி. கடைசியாக ஓர் ஓக் கொட்டை, பானை மூடியின்மேல்.

டக்.

“அடிப்பாவி, காடே வச்சிருக்காளே உள்ள!” என்றார் கென்சுகே. யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

தோகியே துணியை வினிகரில் நனைத்துப் பிழிந்து, விரல் எட்டும் மட்டும் துடைத்தாள். சிகுசா விசிறிக்கொண்டே இருந்தாள். அலறல் விசும்பலாகி ஓய்ந்தது. ஷுங்கோ கொட்டையை எடுத்துக் கட்டின்மேல் தட்டிப்பார்த்தான். அதே சத்தம்போலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. இன்னொரு முறை தட்டினான்.

“கிளம்பலாம்” என்றாள் சிகுசா. “எனக்கும் இப்ப எக்ஸ்ரே படம் பாத்தாத்தான் மனசு ஆறும்.”

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வருகிறவரை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கொட்டை அவன் சட்டைப்பையில் கனத்தது. வேலையிலிருந்த இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, தொடை எலும்பின் வெள்ளை உருண்டைத் தலையைப் பேனாவால் சுற்றிக் காட்டினாள். குழியில் இருந்தது. அசையாமல் இருந்தது. பிறகு நஸுனாவின் பக்கம் குனிந்து மோந்தாள். “புகை வாசனை, சோயா வாசனை. இனிமே சட்டைய விளிம்புக்கு மேல இறுக்கிவிடுங்க. சரி, மாட்டுக்கறியா, பன்னிக்கறியா?”

“மாடு” என்றாள் சிகுசா. சொல்லிவிட்டு அழுதாள்.

ஆற்றங்கரைக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. சாற்றை அடுப்பிலேயே சூடாக வைத்திருந்தார்கள். சரிவில் வண்டியை இழுக்காமல், இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி இறக்கினார்கள். ஷுங்கோ காதைத் தீட்டிக்கொண்டே இறங்கினான்.

“அப்பா” என்றாள் நஸுனா. “தலைகீழா. இன்னொருவாட்டி.”

ஷுங்கோ வண்டியைக் கீழே வைத்தான். குனிந்து அவள் கட்டைவிரலை அழுத்தி, அது சிவப்பதற்காகக் காத்திருந்தான்.