முழங்கையை மட்டும் பார்த்தேன்

தோல் வைத்தியத்தில் பாதி கண், மீதி கேள்வி. இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

எண்ணெய்

நசீமா மூதூரில் தையல் வேலை செய்பவர். கணவரோடு வந்தார். முழங்கையில் சிவந்த திட்டு. செதிலைச் சுரண்டிப் புள்ளி புள்ளியாய் இரத்தம் கசிந்தால் சோரியாசிஸ் என்று நினைக்கலாம். சுரண்ட ஒன்றுமில்லை. டொக்டரிடம் போகிறோம் என்று தேங்காய் எண்ணெய் பூசி, தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தார். வேறெங்கும் இருக்கிறதா என்று கேட்டேன். கணவர் சொன்னார்: "இல்ல டொக்டர், கையில மட்டுந்தான்."

எக்சிமா, சாதாரணத் தோல் அழற்சி என்று எழுதிக் களிம்பு கொடுத்தேன்.

களிம்பு

எட்டு மாதம். பூசினால் மறையும், விட்டால் வரும். பொறுமை போய், ஒரு துண்டு தோல் வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். அன்று காலையும் களிம்பு பூசியிருக்கிறார்; களிம்பு நோயின் அடையாளத்தை மறைத்துவிடும். நான் விசாரிக்கவில்லை. தோல்துண்டு பார்க்கும் டொக்டர் போன் எடுத்தார். என்னிடம் படித்த பெண். "சேர், களிம்பில ஊறின தோலை அனுப்பிப்போட்டு என்னட்டை முடிவு கேட்கிறீங்களே?"

திரை

ஒரு மாதம் களிம்பை நிறுத்தி மறுபடி வரச் சொன்னேன். கணவர் மருந்துக்கடையில் நின்றார். தாதி நசீமாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். திரும்பி வந்தபோது தாதியின் முகம் சரியில்லை. நானும் போய்ப் பார்த்தேன். இடுப்பு, தொடை, பின்பக்கம் எல்லாம் திட்டு. வெயில் படாத இடங்கள். தோல் சிகரெட் தாள்போலச் சுருங்கியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். நசீமா சத்தம் போடவில்லை.

"நீங்க அவருக்கிட்டத்தானே கேட்டீங்க டொக்டர்."

தொடைத்துண்டு

இம்முறை தொடையில் வெட்டினோம். எக்சிமா என்றால் மேல்தோல் நீர்கோத்து வீங்கியிருக்கும். வீக்கம் இல்லை. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மேல்தோலுக்குள் ஏறிக் கூடு கட்டியிருந்தன. தோலில் தொடங்கும் இரத்தப் புற்று. அறிக்கையை மூன்று தரம் வாசித்தேன்.

மெல்லப் போகும் நோய், இன்னும் ஆரம்பம்தான், ஒளிச்சிகிச்சைக்குக் கொழும்புக்குப் போகவேண்டும். எட்டு மாதம் என் பிழை. எல்லாவற்றையும் கதிரையைத் திருப்பி நசீமாவிடமே சொன்னேன். கணவர் பக்கத்தில் நின்றார். நசீமா கேட்டார்: "அங்கயும் உடுப்பக் கழட்டிக் காட்டணுமா, இல்ல உங்கட கடிதம் போதுமா?"

எக்சிமாவையும் புற்றையும் பிரித்தறிய ஐந்து வருடம் படித்தவனுக்கு, நோயாளியையும் நோயாளியின் கணவரையும் பிரித்தறிய அறுபத்தாறு வயது ஆகியிருக்கிறது.